கோடு செத்த எட்டு

ஷுவைக்கில் மத்தியானம் இரண்டு மணி.
தகரக் கூரைக்குக் கீழே
இரண்டு கார்வெட்டுகள், மூக்கோடு மூக்கு,
பாகம் பிரித்த பின் கல்யாண வீட்டில்
எதிரெதிரே உட்கார நேர்ந்த அண்ணன் தம்பிபோல.

மூத்தது சிவப்பு. எண்பதாம் வருஷம்.
டெக்ஸாஸிலிருந்து கப்பலேறி வந்தது.
இடுப்பு ஒடுங்கித் தோள் விரிந்து
நிற்கும்போதே ஓடுவதாய் நினைத்துக்கொள்ளும் உடம்பு.
இளையது வெள்ளை. எண்பத்தாறு.
ஸ்கேல் வைத்துக் கிழித்த முகம்.
இங்கேயே விற்று, நாலு பேர் கை மாறி,
படை புகுந்த அந்த ஏழு மாதமும்
ஏதோ நிலவறையில் போர்வைக்குள் கிடந்து பிழைத்தது
என்கிறார் அபு ஃபவாஸ்.
விற்கிறவர் சொல்லும் சரித்திரத்தில்
பாதியைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

சிவப்புக்கு மூவாயிரத்து நானூறு தினார்.
வெள்ளைக்கு இரண்டாயிரத்து நூறு.
வித்தியாசம் முழுக்க அந்த வளைவுகளுக்கு.

"சிவப்பை எடுங்க" என்றான் பெயின்டர் பிஜோய்,
ஃபைபர் உடம்பை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே.
"வெள்ளை போனா ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."
சுவிட்சை இழுத்ததும்
சிவப்பின் வலக்கண் சட்டென்று திறந்தது,
இடக்கண் யோசித்து, ஆற அமர.
எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.
வேகம் காட்டும் முள் எண்பத்தைந்து மைலோடு முடிகிறது;
அந்த வருஷத்து அமெரிக்கச் சட்டமாம்.
அவ்வளவு பெரிய நெஞ்சைக் கொடுத்துவிட்டு
வாயை மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

பிலோமி லபான் உறிஞ்சியபடி
இரண்டையும் ஒரு சுற்று வந்தாள்.
"ரெண்டுலயும் பின்சீட் இல்ல.
உங்க தம்பி வர முடியாது.
எதை வேணா எடுங்க."

வெள்ளைக்குள் ஏறுவதில்லை, இறங்குவது.
தொட்டிச் சுவரைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கினேன்,
முழங்கால் முனகிற்று.
சாவியைத் திருப்பினால் முள் ஒன்றும் இல்லை,
கறுப்புக் கண்ணாடியில் எண்கள்
ஒவ்வொன்றாய் விழித்தன, பாதி வெயிலில் கருகி.
கால் மணி நேரம் ஓடவிட்டோம்.
பிஜோய் ஜன்னலில் தலைநீட்டிச் சிரித்தான்:
"என்ஜின் சூடு பூஜ்யமாம்!
குவைத்தில! ஆகஸ்ட்ல!"

ஷுவைபாவில்
கடலைக் காய்ச்சிக் குடிநீராக்கும் ஆலையில்
இருபத்து மூன்று வருஷம்
ராத்திரி ஷிப்டில் நானும் நாற்பது எண்களும்.
மூன்றாம் கலத்தின் சூடு சொல்லும் பெட்டியில்
ஒருநாள் நடுக்கோடு மட்டும் செத்துப்போயிற்று.
எட்டு வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வரும்.
புதுப்பெட்டி கேட்டு எழுதினேன்,
வர பதினோரு மாதம்.
அதுவரை, அடுத்து வருகிறவனுக்காக
டேப்பில் எழுதி ஒட்டிவைத்தேன், மூன்று பாஷையில்:
பூஜ்யம் என்றால் எட்டு. பதறாதே.

"எண்பத்தெட்டு" என்றேன் பிஜோயிடம். "வண்டி நல்லா இருக்கு."

சிவப்பை இன்னொரு தடவை பார்த்தேன்.
அழகு. அதிலொன்றும் சந்தேகமில்லை.
ஆனால் அதை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம்.

மீட்டர் செத்ததைச் சொல்லியே
அபு ஃபவாஸிடம் இருநூறு குறைத்தேன்.
கொஞ்சம் குறுகுறுக்கத்தான் செய்தது.
எண்ணி வாங்கும்போது அவர்
பூனையைத் தத்துக்கொடுப்பவர் மாதிரி
ஏதேதோ புத்திமதி சொன்னார். பாதி புரிந்தது.

தஃப்தரில் பெயர் மாறி வந்த வாரம்,
வெள்ளிக்கிழமை ராத்திரி, ஜஹ்ரா சாலை.
நாலு போல்ட் கழற்றிக் கூரையைப் பின்னால் கிடத்தியாயிற்று.
பிஜோய் சொன்னது சரி,
பக்கத்து லேனில் ஒருவனும் திரும்பவில்லை.
மணிக்கு எண்பது.
பிலோமி குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள்.
"ரெண்டு பூஜ்யம் காட்டுது," என்று கத்தினாள்,
"நின்னுட்டோமா?"
அவள் தலைமுடி அத்தனையும்
என் முகத்தில்.